திருகோணமலையில் பழைய கேமிங் பிசி வாங்கப் போகிறவர்கள் கவனம்: எங்கள் 118,000 ரூபா போன விதம்

கோபம் தணியாமல்தான் எழுதுகிறேன். 118,000 ரூபா. அம்மா கட்டி முடித்த சீட்டுக் காசோடு, நிலாவெளியில் ஹோட்டல் வேலையில் நான் மிச்சம் பிடித்ததும் சேர்ந்த தொகை அது. இன்று காலை அந்தக் கடைக்காரர், "இதுக்காக இனி வராதீங்க தம்பி, எங்களுக்கும் வியாபாரம் இருக்கு" என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கு முன்னால் சொல்லி அனுப்பிவிட்டார்.

முறைப்பாடு கொடுக்கப் போவதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. எப்படிப்பட்ட கடை என்று மட்டும் சொல்கிறேன். டவுனுக்குள் இருக்கிறது. முன்பக்கம் போன் ரிப்பேர், உள்பக்கம் பழைய கொம்பியூட்டர் விற்பனை. கொழும்பில் கழித்துவிட்ட ஒஃபிஸ் மெஷின்களை எடுத்துவந்து, பக்கக் கண்ணாடி வைத்த கேசுக்குள் மாற்றி, கலர் விளக்கு போட்டு, "கேமிங் பிசி" என்று பேஸ்புக்கில் படம் போடுவார்கள். இதே வேலையை நேர்மையாகச் செய்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை நான் சொல்லவில்லை.

தம்பி ஓ.எல். பரீட்சை எழுதி முடித்ததும் ஒரே ஒரு ஆசைதான் சொன்னான்: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாட வேண்டும். 2019 இல் பிசிக்கு வந்த கேம் அது. புதிய கேம் எதையும் அவன் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது என்று அவனுக்கே தெரியும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம் கேமும் ரே ட்ரேசிங் (வெளிச்சம் விழுவதை நிஜம்போலக் கணக்கிடுவது) செய்யும் கிராபிக்ஸ் கார்ட், அதாவது திரையில் படத்தை வரையும் பாகம், இல்லாவிட்டால் ஓடாது. குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் என்ற கார்ட். ஸ்டார்ஃபீல்ட் கேமுக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிரைவில் 125 ஜிபி இடம் வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட் (மெஷின் தொடங்கும்போதே சரிபார்க்கும் பாதுகாப்பு) இல்லாத மெஷினில் திறக்கவே திறக்காது. அமெரிக்காவில் இருக்கிறவனுக்கே இது சுமை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியதைப் பார்த்த நாட்டில், 18 வீதம் வட் வரியும் கட்டி, ஒரு கேமுக்காக ஒவ்வொரு முறையும் கார்ட் மாற்ற எங்களால் முடியுமா? கேம் செய்கிற கம்பனிகள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. இருந்த கார்டிலேயே அழகாக ஓடவைக்க அவர்கள் முன்புபோல் மெனக்கெடுவதில்லை.

அதனால்தான் பழைய மெஷினுக்குப் போனோம், அதையும் விசாரித்துத்தான் போனோம். அந்த ரெட் டெட் கேமுக்குக் குறைந்தபட்சம் கேட்பது இன்டெல் ஐ5 2500கே ப்ராசசர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 770 இரண்டு ஜிபி கார்ட், 150 ஜிபி இடம். கடையின் விளம்பரத்தில் இருந்தது ஐ7 2600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நான்கு ஜிபி கார்ட், எஸ்எஸ்டி, அதோடு ஒரு 22 இஞ்ச் மொனிட்டர். 1050 டிஐ 2016 இல் வந்த கார்ட், பழசுதான். ஆனால் செட்டிங்கைக் குறைத்துவைத்தால் இந்தக் கேம் அதில் ஓடும், ஓட்டிக் காட்டும் வீடியோக்கள் எத்தனையோ இருக்கின்றன. விலை 118,000. கணக்கு சரியாகவே இருந்தது.

கடைக்குப் போனபோது அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கதிரை போட்டு உட்காரவைத்தார். தம்பியிடம் ரிசல்ட் எப்போது வருகிறது, எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று விசாரித்தார். பிளேன்டீ வந்தது. பிறகு மெஷினைப் போட்டு, விண்டோஸில் பாகங்களின் பெயரைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "இந்தா பாருங்க, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. நான் சொல்றத நம்ப வேண்டாம், கொம்பியூட்டரே சொல்லுது" என்றார். மெமரியையும் காட்டினார், நான்கு ஜிபி. அதற்குப் பிறகு ஜிடிஏ 5 என்ற கேமை ஓடவிட்டார். தம்பி கீபோர்டைத் தொட்டதும் அவன் முகம் மாறியதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

ரெட் டெட் ஓடுமா என்று நேராகவே கேட்டேன். "ஓடாம? எந்தக் கேமும் ஓடும். ஏதாவது எண்டா இங்கதானே இருக்கிறன், எங்க ஓடப் போறன்? ஆறு மாசம் வொரண்டி." தம்பியின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை இது. காசை எண்ணி வைத்தேன். பில்லில் "கேமிங் பிசி செட் 1, ரூ. 118,000" என்று மட்டும் எழுதினார். கார்டின் பெயரையும் எழுதுங்கள் என்றதற்கு, "எல்லாம் சிஸ்டத்திலயே இருக்கு தம்பி" என்றார்.

வீட்டில் ஜிடிஏ 5 ஓடியது. ரெட் டெட்டை ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் கழிவு விலையில் காசு கொடுத்து வாங்கினோம், திருட்டுக் கொப்பி இல்லை. 150 ஜிபியையும் இரவு டேட்டாவில்தான் இறக்க வேண்டியிருந்தது. தம்பி பாதி ராத்திரிக்கு அலாரம் வைத்து எழும்பி, அது இறங்குகிறதா நிற்கிறதா என்று பார்ப்பான். முழுவதும் இறங்கி முடிந்து திறந்தால், கிராபிக்ஸ் பிழை என்று ஒரு பெட்டி வந்து மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப அதேதான். கார்டின் கம்பனியான என்விடியாவின் தளத்திலிருந்து 1050 டிஐக்கான ட்ரைவரை (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் சொப்ட்வெயார்) எடுத்துப் போட்டோம். நீலத் திரை வந்து மெஷினே விழுந்தது.

அங்கே தொடங்கியது அலைச்சல். முதலில் போனில், "ட்ரைவர் பிரச்சினை, நான் தந்த ட்ரைவர மாத்தாதீங்க." அப்புறம், "உங்க வீட்டு கரண்ட் கூடிக் குறையுது போல, ஸ்டெபிலைசர் போடுங்க." அதற்கடுத்து, "க்ராக் கேம் போட்டிருப்பீங்க." ஸ்டீமில் வாங்கிய ரசீதைக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை. மெஷினை ஓட்டோவில் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். "விட்டுட்டுப் போங்க, பாக்கிறன்" என்று வாங்கிவைத்து, ஒரு கிழமைக்கு மேல் தொடாமலே திருப்பித் தந்தார். பிறகு என் வட்ஸ்அப் மெசேஜுக்கு நீலக் கோடு விழும், பதில் வராது.

இதில் என்னை அதிகம் கொதிக்க வைத்தது ஒரு பதில்தான். "தம்பி, இப்ப வாற கேமெல்லாம் அப்பிடித்தான். ரெக்வயர்மென்ட் ஏறிட்டே போகுது, இந்தக் கார்ட் தாங்காது. இன்னும் 45,000 தாங்க, நல்ல கார்ட் ஒண்டு போட்டுத் தாறன்." பாருங்கள், நான் மேலே சொன்ன அதே உண்மையான குறையைத் தன் பொய்க்குப் போர்வையாகப் போர்த்துகிறார். புதிய கேம்கள் பெரிய கார்ட் கேட்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தம்பியே ஒரு கட்டத்தில், "விடு அண்ணா, நான் கேட்ட கேம்தான் கூடிப்போச்சு போல" என்றான். பதினாறு வயதுப் பிள்ளை தன் ஆசையில் பிழை இருக்கிறது என்று நம்பிவிட்டது. இதை நான் மன்னிக்க மாட்டேன்.

உண்மை தெரிந்தது பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்த பிறகுதான். கேசின் பின்பக்கத்தைப் பார்த்தவுடனே, "இதில ஏன் நீல விஜிஏ போர்ட் இருக்கு?" என்று கேட்டான். 1050 டிஐ வகைக் கார்டுகளில் மொனிட்டருக்கான அந்தப் பழைய அனலொக் இணைப்பு கிடையாது. கார்டின் விவரத்தைப் படித்துக் காட்டும் ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச சொப்ட்வெயாரை இறக்கி ஓடவிட்டான். கார்டின் பெயருக்கு முன்னாலேயே "ஃபேக்" என்று வந்தது. 2018 இலிருந்து அந்த சொப்ட்வெயார் இந்த வகைப் போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்றான். அதாவது இந்த மோசடி புதியது இல்லை, உலகம் முழுக்க நடந்து பெயர்பெற்றது.

எங்களிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 550 டிஐ, 2011 இல் வந்தது. கார்டுக்குள் பயோஸ் என்று ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது. அதை மாற்றி எழுதினால் கார்ட் தன் பெயரை விண்டோஸிடம் பொய்யாகச் சொல்லும், மெமரியையும் கூட்டிச் சொல்லும். 1050 டிஐயில் கோர் எனப்படும் கணக்குப் போடும் சின்னப் பகுதிகள் 768 இருக்க வேண்டும், இதில் 192. நான்கு ஜிபி என்று காட்டிய மெமரி உண்மையில் ஒரு ஜிபி. ரெட் டெட் கேம் ஓடுவதற்கு, கேமும் கார்டும் பேசிக்கொள்ளும் மொழி போன்ற வல்கன் அல்லது டைரக்ட்எக்ஸ் 12 வேண்டும். இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு வல்கன் ஒருபோதும் வரவில்லை, என்விடியாவும் 2018 இலேயே இவற்றுக்குப் புதிய கேம் ட்ரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கேம் ரெக்வயர்மென்ட் ஏறியதால் எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. கேம் கேட்டதை நாங்கள் வாங்கினோம், கடை தரவில்லை.

கடையில் ஏன் ஜிடிஏ 5 போட்டுக் காட்டினார் என்பதும் அன்றுதான் புரிந்தது. 2015 இல் பிசிக்கு வந்த அந்தக் கேமுக்குக் குறைந்தபட்சம் கேட்ட கார்ட் 9800 ஜிடி ஒரு ஜிபி, அது 2008 இல் வந்தது. எதில் போட்டாலும் ஓடும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். "கொம்பியூட்டரே சொல்லுது" என்றவருக்கு, அந்தக் கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருப்பது தெரியாமல் இருக்குமா? தனக்கே தெரியாமல் கொழும்பில் யாரோ அவருக்கு விற்றிருந்தால், ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்ததும் பதறியிருக்க வேண்டும். அவர் பதறவில்லை. "இந்த சொப்ட்வெயார் எல்லாம் சும்மா பிழையாக் காட்டும்" என்றார். பில்லை நீட்டினால், "இதில எங்க 1050 எண்டு இருக்கு?" என்று கேட்டார். வொரண்டி என்றால், கேசைத் திறந்துவிட்டீர்கள், ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது என்றார். கார்டை மட்டும் மாற்றித் தாருங்கள், முழுக் காசும் வேண்டாம் என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். அதற்குத்தான் இன்று காலை அந்தப் பதில்.

118,000 ரூபா. அம்மாவுக்கு இன்னும் முழுவதும் சொல்லவில்லை, மெஷின் ரிப்பேர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு விளக்கமாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரு பென்ட்ரைவில் ஜிபியு-இசட் கொண்டுபோங்கள், காசு கொடுக்க முன்னர் கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரை நம்பவே வேண்டாம். 1050 டிஐ, 1060 என்று சொல்லிவிட்டு நீல விஜிஏ போர்ட் வைத்த கார்டைக் காட்டினால் அது போலி என்றே எடுங்கள். அவர்கள் காட்டும் கேமில் திருப்திப்படாமல் நீங்கள் விளையாடப் போகிற கேமையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெறும் "ஐ7" என்றால் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 2600 என்பது இரண்டாம் தலைமுறை, 2011 இல் வந்தது, விண்டோஸ் 11 அதை ஏற்காது. பில்லில் கார்டின் முழுப் பெயர், மெமரி, சீரியல் நம்பர் மூன்றும் எழுதாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். எழுத்தில் கொடுக்கப் போகிறேன். பில்லின் பிரதி, வட்ஸ்அப் மெசேஜ், ஸ்கிரீன்ஷொட், கார்டின் படம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். டவுனுக்குள் இந்த மாதிரிக் கடையில் கேமிங் பிசி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே அந்த சொப்ட்வெயாரைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கும் "ஃபேக்" என்று வந்தால் பில்லோடு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், முறைப்பாட்டை ஒன்றாகவே கொடுப்போம்.