சக்கர நாற்காலியிலிருந்து ஒரு படையை நடத்தியவள்: 'ஆஃப் லைக் மைண்ட்ஸ்' காமிக்ஸ் தொகுப்பு

அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசி 2004-இல் வெளியிட்ட 'ஆஃப் லைக் மைண்ட்ஸ்' தொகுப்பை அண்மையில் மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' மாத இதழின் 56 முதல் 61 வரையிலான ஆறு இதழ்கள் இதில் அடங்கியுள்ளன. கதை கெயில் சிமோன், ஓவியம் எட் பெனஸ். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் நான் நேசித்த பெண்கள் பலர் உண்டு என்றாலும், பார்பரா கார்டன், பிளாக் கேனரி எனப்படும் டைனா லான்ஸ், ஹெலீனா பெர்டினெல்லி ஆகிய மூவரையும் ஒருசேரச் சந்திக்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

இவர்களில் பார்பராவின் கடந்த காலத்தை அறிந்துகொண்டு படித்தால் இக்கதையின் கனம் கூடும். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத, கார்மைன் இன்ஃபான்டினோ வரைய, 1967 ஜனவரி எனத் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 359-ஆம் இதழில் அவள் பேட்கேர்ளாக அறிமுகமானாள். பகலில் கோதம் நகர நூலகர், இரவில் முகமூடி அணிந்த வீராங்கனை. காவல் ஆணையர் கார்டனின் மகள். (இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1947-இல், பிளாக் கேனரியை முதன்முதலில் வரைந்தவரும் அதே இன்ஃபான்டினோதான் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.) 1988-இல் வெளிவந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் அவளைச் சுடுகிறான், அவளால் அதன்பின் நடக்க இயலவில்லை. அந்தக் கதை அவளுடைய வலியைப் பற்றியது அன்று. அவளுடைய தந்தையின் மனத்தை உடைப்பதற்கும் பேட்மேனைச் சோதிப்பதற்குமான கருவியாகவே அவள் அதில் வந்துபோகிறாள். எவ்வளவு புகழ்பெற்ற படைப்பாயினும், இந்த ஒரு காரணத்தால் அதை என்னால் இன்றுவரை முழு மனத்துடன் பாராட்ட முடியவில்லை.

அவளை அங்கேயே விட்டுவிட மறுத்தவர்கள் எழுத்தாளர் தம்பதியரான கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும். 1989-இல் 'சூசைட் ஸ்குவாட்' 23-ஆம் இதழில், கணினித் திரைகளுக்குப் பின்னாலிருந்து செய்திகளைத் திரட்டித் தரும் ஆரக்கிளாக அவளை அவர்கள் மீட்டெடுத்தனர். மந்திரத்தாலோ அறிவியல் அற்புதத்தாலோ அவளுடைய கால்களைத் திருப்பித் தராமல், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவளை முன்பைவிட வலிமை மிக்கவளாக்கியதை, சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எடுத்த மிக நேர்மையான முடிவுகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். நூலகராக இருந்தவள் எல்லோருக்கும் தகவல் தருபவளாக மாறியதில் ஒரு தொடர்ச்சியும் இருக்கிறது. 1996-இல் சக் டிக்சன் எழுதிய சிறப்பிதழில் அவள் பிளாக் கேனரியைத் தன் களப்பணியாளராகச் சேர்த்துக்கொள்ள, 1999-இல் அது 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' என்னும் தனித் தொடராக வளர்ந்தது.

கெயில் சிமோன் இத்தொடருக்கு வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. ஆண் நாயகர்களின் கதையை நகர்த்துவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலொன்றை 1999-இல் இணையத்தில் தொகுத்து வெளியிட்டவர் அவர். 'கிரீன் லேண்டர்ன்' கதையில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைத்த காட்சியே அந்தப் பட்டியலுக்குப் பெயர் தந்தது. பார்பராவும் அதில் இருந்தாள். நான்கே ஆண்டுகளில், 2003-இல், அதே பார்பராவின் கதையை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

கதை எளியது. சவான்ட் என்பவன் பெரும் அறிவாளி. ஆனால் நினைவுகளைக் கால வரிசையில் கோக்க இயலாதவன். அவன் டைனாவைச் சிறைப்பிடித்து, பேட்மேன் உண்மையில் யார் என்பதைச் சொன்னால்தான் அவளை விடுவிப்பேன் என்று ஆரக்கிளிடம் பேரம் பேசுகிறான். உயிர்த்தோழியா, தன்னை நம்பியவரின் ரகசியமா என்னும் இக்கட்டில் பார்பரா தவிக்கும் பக்கங்கள்தாம் இப்புத்தகத்தின் உயிர். திரைகளும் இணைப்புகளும் சூழ இருந்தும், கையெட்டும் தொலைவில் தோழி இல்லை என்பதை அவள் உணரும் இடத்தில் சிமோன் சொற்களை மிகச் சிக்கனமாகவே கையாள்கிறார். டைனாவோ யாராவது வந்து மீட்கட்டும் என்று காத்திருப்பவள் அல்லள். காயப்பட்டுக் கட்டுண்ட நிலையிலும் அவள் பேச்சில் பணிவு எட்டிப் பார்ப்பதில்லை. மாஃபியாக் குடும்பத்தில் பிறந்து, தன் குடும்பத்தார் கொலையுண்டதைக் கண்டு வளர்ந்த ஹெலீனா, பேட்மேனின் நம்பிக்கையை ஒருபோதும் முழுமையாகப் பெறாதவள். அவளும் இங்கே துணைக்கு வந்து சேர்கிறாள். பார்பராவுக்கும் அவளுக்கும் இடையே பழைய கசப்புகள் உண்டு. அவற்றை ஒரே காட்சியில் துடைத்தெறியாமல், வேலை செய்யும்போதே மெல்ல மெல்லக் கரையவிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடிதடிகளைவிட, காதில் பொருத்திய கருவி வழியே பார்பராவும் டைனாவும் பேசிக்கொள்ளும் உரையாடல்களே மறுவாசிப்பில் என்னை நிறுத்தி நிறுத்திப் படிக்க வைத்தன. தொடரின் தொடக்கக் காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்தது கூட இல்லை. வெறும் குரலாகவே பழகி, 2000-இல்தான் சந்தித்துக்கொண்டார்கள். சந்திப்புக்கு முன்பே வேர்விட்ட அந்த நட்பின் உரிமை, கேலி, கோபம், அக்கறை அனைத்தும் சிமோனின் வசனங்களில் இயல்பாக ஒலிக்கின்றன.

குறை சொல்ல வேண்டியது ஓவியத்தைப் பற்றித்தான். எட் பெனஸின் கோடுகளில் வேகமும் முகபாவங்களில் உயிரும் இருக்கின்றன. எனினும் பெண்களின் உடலை அவர் நிறுத்தும் விதம், கதை அவர்களுக்குத் தரும் மதிப்போடு பல கட்டங்களில் முரண்படுகிறது. வலியில் துடிக்கும் ஒருத்தியை விளம்பர அழகியின் தோரணையில் வரைவது அந்தக் காட்சியையே பாழாக்குகிறது. இளம் வாசகர்களிடம் இதைக் கொடுக்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2011-இல் டிசி தன் கதையுலகைப் புதிதாகத் தொடங்கியபோது, பார்பரா மீண்டும் நடக்கத் தொடங்கிப் பேட்கேர்ள் ஆனாள்; அதை எழுதியவரும் சிமோன்தான். அக்கதையில் அக்கறை இருந்தது, மறுக்கமாட்டேன். ஆயினும் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே எல்லோரையும் வழிநடத்திய ஒரே பெரிய நாயகியை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முந்தைய 55 இதழ்களைப் படிக்காதவர்களும் இந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். தேவையான முன்கதையைச் சிமோன் உரையாடலிலேயே தந்துவிடுகிறார். முடித்த கையோடு, 62-ஆம் இதழில் தொடங்கும் அடுத்த தொகுப்பான 'சென்சே அண்ட் ஸ்டூடண்ட்'டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆசானுக்காகத் துயருறும் டைனாவும் சண்டைக் கலையில் தேர்ந்த லேடி ஷிவாவும் அதில் எதிரெதிரே நிற்கிறார்கள்.