ஏசி/டிசி ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று சிடி விற்றால் வாங்காதீர்கள்

ஏசி/டிசி என்ற ராக் இசைக் குழுவுக்கு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், அதாவது புகழ்பெற்ற பாட்டுகளை மட்டும் தொகுத்த ஆல்பமே கிடையாது. 1973-இல் சிட்னியில் தொடங்கிய குழு, ஐம்பது வருடம் தாண்டியும் அப்படி ஒன்றை வெளியிடவில்லை. அதனால் அந்தப் பெயரில், மின்னல் கோடு போட்ட லோகோவோடு ஒரு சிடி எந்தத் தளத்தில் எந்த விலைக்கு வந்தாலும் அது அவர்கள் போட்டது இல்லை. இது தெரியாமல் பணம் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா, கிடார் கற்றுக்கொள்ளும் தன் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக அப்படி ஒரு இரட்டை சிடியை ஆன்லைனில் வாங்கினாள். இறக்குமதி என்று போட்டிருந்தது, விலையும் அசல் இறக்குமதி சிடியின் விலைதான். மலிவாக இருந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இவர்கள் அதையும் யோசித்துத்தான் விலை வைத்திருக்கிறார்கள்.

பையன் போட்டுக் கேட்டுவிட்டு, “மாமா, பாதிப் பாட்டில் கூட்டம் கத்துகிறது” என்று போன் செய்தான். போய்ப் பார்த்தேன். உறையில் குழுவின் பழைய பாடகர் பான் ஸ்காட்டின் படம். உள்ளே, அவர் பாடிய பாட்டுகளில் பலவற்றை அவருக்குப் பின் வந்த பாடகர் பிரையன் ஜான்சன் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார். இந்தக் குழுவைக் கேட்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஜூலையில் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தின் உறை முழுக்கக் கறுப்பாக இருப்பதே அவருக்கான துக்கத்தால்தான். ஜான்சன் அருமையான பாடகர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஸ்காட்டின் முகத்தைக் காட்டி விற்றுவிட்டு அவர் குரலைத் தராமல் இருப்பது பச்சை ஏமாற்று வேலை.

மேடைப் பதிவுகள் பழைய வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்தவை போலத்தான் கேட்டன. ஸ்டூடியோப் பதிவுகளின் கதி இன்னும் மோசம். ‘பேக் இன் பிளாக்’ ஆல்பம் மணியோசையோடு தொடங்கும். இங்கிலாந்தின் லஃப்பரோவில் வார்த்த, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள நிஜமான மணி அது. அது நிதானமாக ஒலித்துக்கொண்டே இருக்கும், அதன்மேல் கிடார் மெல்ல ஏறி வரும். இந்த சிடியில் மணியை வெட்டிவிட்டார்கள், எடுத்த எடுப்பில் கிடார்.

எனக்கு அதைவிட வருத்தம் தந்தது வேறு. குழுவில் கிடார் வாசித்த சகோதரர்களில் அண்ணன் மால்கம் யங் ஒரு பக்க ஸ்பீக்கரிலும் தம்பி ஆங்கஸ் மறுபக்கத்திலும் வாசிப்பதுதான் அந்த ஸ்டூடியோப் பதிவுகளின் அழகு. ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால், ஆங்கஸின் கிடார் கலக்காமல் மால்கமின் ரிதம் கிடார் தெளிவாகக் கேட்கும். கிடார் கற்கும் பிள்ளைக்கு அது ஒரு வகுப்பு மாதிரி. இந்த சிடியில் இரண்டு பக்கமும் ஒரே கூழ். டிரம்ஸின் சிம்பல் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய எம்பி3-ஐ அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வட்டைத் திருப்பிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். தொழிற்சாலையில் அச்சான சிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். இதில் ஊதா கலந்த நீலம், அதாவது வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் வட்டு. நடுத்துளையைச் சுற்றி ஐஎஃப்பிஐ (இசைப்பதிவு நிறுவனங்களின் சர்வதேச அமைப்பு) என்ற எழுத்துகளோடு ஒரு குறியீடும் இல்லை. 1994-க்குப் பிறகு அச்சான அசல் சிடிக்களில் பெரும்பாலும் அது இருக்கும். உறையில் கம்பெனிப் பெயர் எங்குமே இல்லை, பார்கோடும் மங்கல்.

விற்றவரிடம் கேட்டால், “ஐரோப்பியப் பதிப்பு, அப்படித்தான் இருக்கும்” என்றார். அப்புறம், சீல் உடைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது என்றார். அக்கா எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாகக் கடைசியில் இறங்கி வந்தார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நேராக அந்தத் தளத்துக்கே புகார் கொடுத்தோம். காரணம் கேட்கும் இடத்தில் ‘பிடிக்கவில்லை’ என்று போடாதீர்கள், ‘போலிப் பொருள்’ என்று போடுங்கள். வட்டின் அடிப்பக்கத்தையும் உறையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எங்களுக்கு முழுப் பணமும் வந்தது. ஆனால் அதே சரக்கு உறையை மாற்றிக்கொண்டு ‘பெஸ்ட் ஆஃப்’ என்ற பெயரில் இப்போதும் விற்பனையில் இருக்கிறது.

பாட்டுகளைப் பிரித்து விற்பதே இந்தக் குழுவுக்குப் பிடிக்காது. ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்று சொல்லி 2012 நவம்பர் வரை ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸுக்கே பாட்டு தராதவர்கள். அவர்கள் விட்டுவைத்த இந்த இடத்தில்தான் போலிக்காரர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

சரி, தொகுப்பாகத்தான் வேண்டும் என்றால் எதை வாங்கலாம்? 2010-இல் வந்த ‘ஐயன் மேன் 2’. சினிமாவின் பெயரில் வந்தாலும் பதினைந்து பாட்டும் ஏசி/டிசி உடையவைதான், ஸ்காட், ஜான்சன் இருவர் குரலும் உண்டு, எல்லாம் பழைய அசல் பதிவுகள். 1986-இல் வந்த ‘ஹூ மேட் ஹூ’வும் இதே மாதிரி ஒரு படத்துக்காகச் சேர்த்தது, ஆனால் சின்னது, ஒன்பது பாட்டுதான். ஸ்காட் காலத்து ஆரம்பப் பாட்டுகளுக்கு 1976-இல் உலகச் சந்தைக்கு வந்த ‘ஹை வோல்டேஜ்’ போதும். ஆஸ்திரேலியாவில் மட்டும் வந்த முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து பொறுக்கி எடுத்துச் செய்தது அது, கிட்டத்தட்ட ஒரு தொகுப்புதான். ஆஸ்திரேலியாவில் 1975-இல் இதே பெயரில் வந்த ஆல்பத்தில் பெரும்பாலும் வேறு பாட்டுகள், வாங்கும்போது பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைப் பதிவே வேண்டும் என்பவர்களுக்கு 1992-இன் ‘லைவ்’ இருக்கிறது. அதில் எல்லாப் பாட்டும் ஜான்சன் குரல், மேடைப் பதிவு என்பது உறையைப் பார்த்தாலே தெரியும்படிதான் விற்கிறார்கள்.