பழைய திங்க்பேடா, புதிய மெல்லிய மடிக்கணினியா? வெப்பத்தை அளவுகோலாக வைத்து ஓர் ஒப்பீட்டு அலசல்

பழைய மடிக்கணினியையும் புதியதையும் ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பிராசசரின் தலைமுறையையும் பெஞ்ச்மார்க் எனும் வேகச் சோதனையின் மதிப்பெண்ணையும்தான். மேசைக் கணினிக்கு அது ஓரளவு போதும். மடிக்கணினியிலோ, சிப் வெளியிடும் வெப்பத்தை அந்த மெல்லிய உடற்கூடு எவ்வளவு நேரம் சளைக்காமல் வெளியேற்றும் என்பதைப் பொறுத்தே அதன் வேகம் அமைகிறது. ஆகவே இங்கே வெப்பத்தை முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் பின்னால் நிறுத்துகிறேன். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவை மூன்று: 2013இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி440பி, 2018இல் வந்த டி480, இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசைச் சிப்புடன் 2024 செப்டம்பர் முதல் வரத் தொடங்கிய மெல்லிய மடிக்கணினிகள். முதல் இரண்டும் ஆர்வலர்கள் இன்றும் தேடிப் பிடித்து வாங்கும் மாதிரிகள். மூன்றாவது, புதிதாகவே வாங்குவது என்று முடிவெடுத்தவர் எதிர்கொள்ளும் வகை.

இன்டெல் சிப்களுக்கு இரண்டு மின்திறன் எல்லைகள் உண்டு. தொடர்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு பிஎல்1. சற்று நேரத்துக்கு மட்டும் எட்டிப் பிடிக்கக்கூடிய உயர் அளவு பிஎல்2. அந்தச் 'சற்று நேரம்' மடிக்கணினிகளில் பெரும்பாலும் 28 வினாடி. டி480இல் வரும் ஐ5-8250யு சிப்பின் அடிப்படை மின்திறன் 15 வாட், உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். அந்த 15 வாட்டையே நிரந்தர எல்லையாக வைத்துள்ள ஒரு மடிக்கணினியில் பெரிய நிரல் ஒன்றைக் கம்பைல் செய்யவிட்டு, பக்கத்தில் சென்சார் அளவீடுகளைத் திறந்து வைத்துப் பார்த்தால் காட்சி தெளிவாக இருக்கும்: முதல் அரை நிமிடம், பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான நான்கு கோர்களும் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஏறி நிற்கும், பிறகு வாட் எண்ணிக்கை 15க்கு இறங்கும், கூடவே வேகமும் 3க்குக் கீழே சரியும், விசிறி மட்டும் அதே இரைச்சலுடன் ஓடிக்கொண்டிருக்கும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் பெஞ்ச்மார்க் அந்த முதல் பாய்ச்சலை மட்டுமே அளக்கிறது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற பெஞ்ச்மார்க் நிரல் தன் இயல்பான சோதனையை 10 நிமிடம் ஓட்டுவது இதற்காகத்தான். இரண்டு மடிக்கணினிகளை ஒப்பிடுகிறவர் அந்த 10 நிமிட முடிவைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாமலிருப்பது நல்லது.

கிராஃபிக்ஸ் சிப்களில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். மடிக்கணினிகளுக்கான ஆர்டிஎக்ஸ் 4060க்கு என்விடியா வகுத்துள்ள மின்திறன் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை நீள்கிறது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றே. உள்ளே மூன்று மடங்குக்கும் மேலான இடைவெளி. விவரக்குறிப்பில் வாட் எண்ணைச் சொல்லாத மடிக்கணினியைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது மூன்று பிராசசர்களையும் அருகருகே வைப்போம். டி440பியின் பெரிய கவர்ச்சி, அதன் பிராசசர் மதர்போர்டில் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் அமர்ந்திருப்பது. இரண்டு கோர் ஐ5உடன் வந்த இயந்திரத்தில் ஐ7-4710எம்க்யூ போன்ற நான்கு கோர் சிப்பை வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். 22 நானோமீட்டர் நுட்பத்தில் உருவான அந்தச் சிப்புக்கு 47 வாட் வேண்டும். 2017இல் அறிமுகமான ஐ5-8250யு ஏறத்தாழ அதே அளவு வேலையை 15 வாட்டில், அதாவது மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தில் முடிக்கிறது. இந்த ஓர் ஒப்பீட்டுக்குப் பிறகு டி440பியைப் பணி இயந்திரமாகப் பரிந்துரைப்பது கடினம். அதற்கு முந்தைய ஆண்டு வரை மெல்லிய மடிக்கணினிகளுக்கான 15 வாட் வரிசையில் இரண்டு கோர்களையே தந்துகொண்டிருந்த இன்டெல், எட்டாம் தலைமுறையில் ஒரே தாவலாக நான்கு கோர்களைத் தந்தது. பழைய மடிக்கணினி வாங்குகிறவர்கள் 2017ஐ எல்லைக்கோடாக வைத்துக்கொள்வதற்கு முதல் காரணம் இதுவே.

மூன்றாவது இயந்திரத்தின் விவரக்குறிப்பைப் பார்ப்பவருக்கு ஒரு வேடிக்கை தென்படும். கோர் அல்ட்ரா 7 258வி சிப்பில் நான்கு பெரிய கோர்கள், நான்கு சிறிய கோர்கள்; ஒரே கோரை இரண்டு வேலைகளை ஏற்கச் செய்யும் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது. ஆக மொத்தம் ஒரே நேரத்தில் 8 வேலை, அதாவது 8 த்ரெட். ஐ7-4710எம்க்யூவுக்கும் 8, ஐ5-8250யுவுக்கும் 8. காகிதத்தில் எண் அசையவே இல்லை. ஆனால் 4710எம்க்யூவிலும் 8250யுவிலும் நான்கு கோர்கள் தலா இரண்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. 258வியில் எட்டும் தனித்தனிக் கோர்கள், அதுவும் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 3 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டவை. அடிப்படை மின்திறன் 17 வாட்தான். ஒற்றை த்ரெட் வேகத்தில் 8250யு இதன் அருகில்கூட வர முடியாது. ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று கணக்கிட்டால் புதியதற்கே வெற்றி; சிப்பின் வெப்பத்தை உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் எவ்வளவு நல்லதாகப் பூசினாலும் பழைய சிப் இந்த இடைவெளியைத் தாண்டாது.

இந்த வேறுபாடு அன்றாடப் பயன்பாட்டில் முதலில் கண்ணில் படும் இடம் வீடியோ. டி440பியின் ஹாஸ்வெல் (இன்டெல் நான்காம் தலைமுறை) சிப்புக்கு எச்.264 என்ற வீடியோச் சுருக்க வடிவத்தை வன்பொருளிலேயே பிரிக்கத் தெரியும். விபி9 வடிவத்துக்கு முழுமையான வன்பொருள் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1 வடிவத்துக்குப் பதினோராம் தலைமுறையில். யூடியூப் 4கே வீடியோக்களை விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் தருகிறது. விளைவாக டி440பி அந்தச் சுமையைப் பிராசசர் கோர்களின் தலையில் ஏற்றுகிறது. ஒரு வீடியோ பார்ப்பதற்கே விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. டி480 விபி9ஐ அமைதியாக ஓட்டும், ஏவி1 வந்தால் திணறத் தொடங்கும். புதியதில் மூன்று வடிவங்களும் சத்தமில்லாமல் ஓடும்.

இனி குளிரூட்டல். மடிக்கணினியின் சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது. வெறும் சிலிக்கான் மீதே, வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் உலோக அமைப்பான ஹீட்ஸிங்கின் செம்புத் தகடு அமர்கிறது. அங்கிருந்து வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஹீட் பைப், காற்று நீக்கிச் சிறிதளவு நீர் அடைத்துச் சீல் செய்த செம்புக் குழாய். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைப் படலம் வழியே திரும்பி வருகிறது. இந்தப் பகுதி பல ஆண்டுகள் ஆனாலும் எளிதில் கெடுவதில்லை. பழைய இயந்திரத்தில் கெடுவது வேறு இரண்டு இடங்கள்: விசிறிக்கும் உலோக மடல்களுக்கும் இடையிலான இடுக்கு, சிப்புக்கும் செம்புக்கும் இடையிலான பேஸ்ட்.

முதலாவதைப் பலர் வெளியிலிருந்து காற்றடித்தே முடித்துவிடுகிறார்கள். விசிறியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், மடல்களின் உட்பக்கத்தில் தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்து வாயிலையே அடைத்திருப்பது. அதைச் சாமணத்தால் ஒரே துண்டாக உரித்து எடுக்க வேண்டியிருக்கும். காற்றடிக்கும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி பழுதாகலாம். பேஸ்ட் மாற்றுவதற்கு முன்பு இதைச் செய்துவிட்டு வெப்பநிலையை அளந்து பார்ப்பவர்களில் சிலருக்கு இரண்டாவது வேலையே தேவைப்படாது.

பேஸ்ட் வகைகளில் போட்டி மூன்று பேருக்கிடையே. சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் பூசிய அன்று நன்றாகவே இருக்கும்; ஆனால் வெறும் சிலிக்கான் மீது, நாள்தோறும் சூடேறிக் குளிரும் விரிவு சுருக்கத்தில், அது மெல்ல மெல்ல ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுபோகிறது. மேசைக் கணினிக்குப் புகழ்பெற்ற பேஸ்ட்களில் சில மடிக்கணினியில் சில மாதங்களிலேயே ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். திரவ உலோகம் காலியக் கலவை. வெப்பம் கடத்துவதில் மூன்றில் முதலிடம் அதற்கே. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரித்துச் சிதைக்கும். ஒரு துளி நழுவி மதர்போர்டில் விழுந்தால் இயந்திரம் போயிற்று. பையில் போட்டுத் தூக்கிச் செல்லும் பொருளுக்கு, அதுவும் 15 வாட் சிப்புக்கு, அந்த அபாயத்தை விலைக்கு வாங்குவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது, ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 போன்ற நிலைமாறும் தகடு. அறை வெப்பநிலையில் திடமாக இருந்து, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸில் இளகி, நுண்ணிய பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. பேஸ்ட் போல ஓரத்துக்கு ஓடுவதில்லை. பூசும் கைத்திறனும் தேவையில்லை, அளவாக வெட்டி இரு பக்கப் படலத்தையும் உரித்து வைத்தால் போதும். படலம் உரிபட மறுத்தால் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுப்பது பலரும் கையாளும் வழி. முதல் சில சூடேற்றங்களுக்குப் பிறகே முழுப் பலன் தெரியும் என்பதால், மாட்டிய உடனே அளந்து பார்த்துக் குறை சொல்லக் கூடாது. பழைய மடிக்கணினிக்கு என் தேர்வு தயக்கமின்றி இதுவே.

டி480இல் இன்னொரு பழக்கம் உண்டு. தனி கிராஃபிக்ஸ் சிப்பாக எம்எக்ஸ்150 இருந்த மாதிரிகளுக்கு இரண்டு ஹீட் பைப் கொண்ட ஹீட்ஸிங்க் வந்தது. அதை வாங்கி, ஒற்றைக் குழாய் மாதிரியில் பொருத்துகிறார்கள். பொருந்தும், வெப்பநிலையும் குறையும். ஆனால் வேகத்துக்குத் தடையாக இருப்பது மின்திறன் எல்லையே எனும்போது இரண்டாவது குழாய் வேகத்தைக் கூட்டாது, இரைச்சலைத்தான் குறைக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டும் வழியே அதைவிடப் பயன் தரும், எனினும் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்த பிறகு, இயந்திரத்தைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயாஸின் புதுப்பிப்புகள் பல இயந்திரங்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டன. கூலிங் பேட் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: அடியில் காற்று உள்வாங்கும் துளை இருந்தால் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதே பெரும்பாலான பலனைத் தந்துவிடும்.

விசிறியே இல்லாத மடிக்கணினி என்ற நான்காவது வாய்ப்பையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 மேக்புக் ஏர், தூசி பிடிக்க இடமே இல்லாமல், சிறு வேலைகளில் முழு வேகத்தில் ஓடும். நீண்ட சுமையில் மெதுவாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ தொகுப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

இதுவரை புதியதே வென்றுகொண்டிருக்கிறது. ரேம் விஷயத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. டி440பியில் டிடிஆர்3எல் இரண்டு இடங்கள், உச்சம் 16 ஜிபி. டி480இல் டிடிஆர்4 இரண்டு இடங்கள். தயாரிப்பாளரின் ஆவணம் 32 ஜிபி என்று சொன்னாலும் 64 ஜிபி வரை ஏற்றுக்கொள்கிறது. கோர் அல்ட்ரா 200வியிலோ ரேம் பிராசசருடன் ஒரே உறையில் பொதிந்து வருகிறது. 16 அல்லது 32 ஜிபி, வாங்கிய அன்று எடுத்த முடிவே கடைசி முடிவு. இந்த இணைப்புக்குப் பொறியியல் நியாயம் இருக்கிறது: தொலைவு குறையக் குறைய எல்பிடிடிஆர்5எக்ஸ் நினைவகம் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தில் ஓடும், பேட்டரியும் நீடிக்கும். ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக 16 ஜிபி இயந்திரத்தை வாங்கலாம் என்று பொருளாகாது. ஒரே கணினிக்குள் வேறு இயங்குதளங்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரங்களைப் பயன்படுத்துபவர் 32ஐ எடுக்க வேண்டும், எடுக்க முடியாவிட்டால் டி480ஐ 64 ஜிபியுடன் வைத்துக்கொள்வதே மேல். புதியவை அனைத்தும் இப்படித்தான் என்றும் எண்ண வேண்டாம். 2019இன் டி490இல் ஒரு ரேம் இடத்தைப் பறித்த அதே லெனோவோ, 2024இன் டி14 ஐந்தாம் பதிப்பின் இன்டெல் மாதிரியில் இரண்டு இடங்களையும் திருப்பித் தந்தது.

சேமிப்பகத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி வினாடிக்கு ஏறத்தாழ 7,000 எம்பி படிக்கும், டி440பியின் சாட்டா எஸ்எஸ்டி 550ஐத் தாண்டாது, டி480இன் 2.5 அங்குல இடத்தில் அடாப்டர் வழியே பொருத்தும் என்விஎம்இ எஸ்எஸ்டி வழக்கமான நான்குக்குப் பதில் இரண்டு தரவுப் பாதைகளில் மட்டுமே இயங்குவதால் அதன் வேகம் பாதியாகும். பெரிய கோப்புகளை நகர்த்தாதவருக்கு இந்த மூன்றுக்கும் இடையே உணரத்தக்க வேறுபாடு குறைவு. ஹார்ட் டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கிடைக்கும் பாய்ச்சலே பெரியது. திரையைப் பொறுத்தவரை, 1366க்கு 768 புள்ளித் திரை உள்ள பழைய மாதிரி எவ்வளவு மலிவாக வந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

இயங்குதளம் மறுபடியும் அதே 2017 எல்லைக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ கேட்கிறது. டி480 உள்ளே, டி440பி வெளியே. லினக்ஸ் ஓட்டுபவருக்கு இது பொருட்டல்ல. பயாஸுக்கு மாற்றான திறமூல நிரல் கோர்பூட்டை நிறுவிப் பார்க்க விரும்புபவருக்கு டி440பி இன்றும் அருமையான விளையாட்டுக் களம். எழுத்துப் பணி, இணையம், மிதமான நிரலாக்கம் ஆகியவற்றுக்கு டி480 போதும். நாள் முழுவதும் மின்செருகி இல்லாமல் வேலை செய்பவரும், வீடியோவோடு பிழைப்பவரும் புதியதற்கே போக வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போடக்கூடியது பேட்டரி. டி480இன் உள்ளே 24 வாட்-மணி பேட்டரி ஒன்று, பின்பக்கம் கழற்றத்தக்கதாக 72 வாட்-மணி வரை இன்னொன்று; இயந்திரத்தை அணைக்காமலேயே பின்பக்கப் பேட்டரியை மாற்றலாம். வசதி பெரிதுதான், ஆனால் லித்தியம் அயனி செல்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மூப்படைகின்றன. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த 'புத்தம் புதிய' பேட்டரி பாதித் திறனோடு வந்து சேரலாம். வாங்கிய கையோடு விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைப்புத் திறனையும் இப்போதைய முழு மின்னேற்றத் திறனையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் திருப்பித் தர அவகாசம் இருக்கும்போதே தந்துவிடுவது நல்லது. உட்பேட்டரியை மாற்றவோ ஹீட்ஸிங்கைக் கழற்றவோ அடிமூடியைத் திறப்பதாக இருந்தால், அதற்கு முன் பயாஸின் மின்சாரப் பகுதிக்குச் சென்று உள்ளமைந்த பேட்டரியை முடக்கிவிட வேண்டும். பின்பக்கப் பேட்டரியைக் கழற்றினால் மட்டும் மதர்போர்டுக்குப் போகும் மின்சாரம் நிற்பதில்லை.