குழந்தை இதயத்தின் மாதிரி: திரையில் போதுமா, அச்சிட வேண்டுமா?

ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 முதல் 10 பேர் பிறவி இதயக் குறையோடு பிறக்கிறார்கள். எக்கோ அறிக்கையோடு தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ கோவைக்கு வரும் பெற்றோருக்கு, இதயத்தை முப்பரிமாணத்தில் அச்சிட்டுப் பார்த்தால்தான் அறுவை சிகிச்சை சரியாக நடக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை.

மேலறைச் சுவரில் ஓர் ஓட்டை மட்டும் என்றால் எக்கோ போதும். கதிர்வீச்சு கிடையாது, இதயம் துடிப்பதைத் துடிக்கும்போதே காட்டும், வால்வு இதழ்களும் அவற்றைப் பிடித்திருக்கும் நாண்களும் அதில்தான் நன்றாகத் தெரியும். சிடி ஸ்கேனிலிருந்து அச்சிட்ட மாதிரியில் அந்த மெல்லிய பாகங்கள் பெரும்பாலும் பதிவதில்லை.

பெருந்தமனி, நுரையீரல் தமனி இரண்டுமே வலது கீழறையிலிருந்து கிளம்பும் குறைதான் வேறு கதை. இடது கீழறை ரத்தம் ஓட்டை வழியாகப் பெருந்தமனிக்குப் போக உள்ளே ஒரு சுரங்கம் தைக்க வேண்டும். ஓட்டை பெருந்தமனியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது? சுரங்கம் தைத்தால் நுரையீரலுக்குப் போகும் பாதை நெருக்கப்படுமா? முடியாது என்றானால், ஒரே கீழறையை நம்பி வாழும் ஃபான்டான் வழிக்குக் குழந்தையைத் திருப்ப வேண்டியிருக்கும். ஆயுள் முழுவதும் தொடரும் முடிவு அது. தட்டையான சிடி படங்களை மனத்தில் அடுக்கி இதைத் தீர்மானிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம்.

அச்சிலும் இரண்டு வகை உண்டு. கணபதி, பீளமேடு பவுண்டரிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: ஒன்று கோர் (உள்வெற்றிடத்தின் வடிவம்), மற்றொன்று காஸ்டிங் (அதைச் சுற்றிய வார்ப்பு). ரத்தம் நிற்கும் இடத்தைத் திடமாக அச்சிட்டால் தமனிகளின் வளைவு தெரியும். அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. சுவரை அச்சிட்டு உள்ளே வெற்றிடம் விட்டால், வெட்டித் திறந்து, அறுவை மருத்துவர் நுழையும் கோணத்திலேயே ஓட்டையைப் பார்க்கலாம். செலவு செய்வதென்றால் இரண்டாவதற்கே செய்யலாம்.

2017-இல் வெளியான, 10 மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வில், சிக்கலான குறையுள்ள 40 பேரில் 19 பேருக்கு மாதிரியைப் பார்த்தபின் அறுவைத் திட்டம் திருத்தப்பட்டது. மற்ற 21 பேருக்கு மாறவில்லை. அதுவும் சிக்கலானவர்களையே பொறுக்கி எடுத்த பிறகு.

கணினித் திரையிலோ விஆர் (மெய்நிகர்) கண்ணாடியிலோ பார்க்கும் மாதிரிக்கும் அதே சிடிதான் மூலம். அச்சுக்காகப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டாம். எத்தனை கோணத்திலும் வெட்டலாம், வெட்டியதை மீட்கலாம். அச்சின் தனிப் பலம், உண்மை அளவில் கையில் நிற்பது; மென்மையான பொருளில் செய்தால் தைத்தும் ஒத்திகை பார்க்கலாம். ஆனால் சிடியில் சுவர் எங்கே முடிகிறது என்று குறித்தவர் தவறினால் திரை, அச்சு இரண்டுமே பொய் சொல்லும். கையில் கனமாக நிற்கும் பொய்யை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை.

முதலில் திரை, வழி தெளியாவிட்டால் அச்சு என்பதே என் வரிசை. அப்பிச்சியிடமும் ஆத்தாவிடமும் குறையை விளக்க அச்சு மாதிரி அருமையாக உதவும், மறுக்கவில்லை. அதற்காக மட்டும் கைக்குழந்தையைச் சிடிக்கு அனுப்பச் சொன்னால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.