முழு நாவலா, ஓடுகிற தொடரா? லேசான கதை வாசிக்க எது சரி

குடும்ப நாவல் வாசிக்கிறவர்களுக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று முழு நாவல். கடையில் மாத நாவலாக வாங்குவது, வாடகை நூலகத்தில் எடுப்பது, கிண்டிலில் இறக்கிக்கொள்வது எல்லாமே இதில் சேரும். இன்னொன்று, செயலியிலோ எழுத்தாளரின் தளத்திலோ வாரத்துக்கு இரண்டு மூன்று யூடி (அப்டேட், அதாவது புதுப் பாகம்) என்று ஓடிக்கொண்டிருக்கும் தொடர். ரொம்ப காலம் இரண்டையும் கலந்துதான் வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓடுகிற தொடர்களை விட்டுவிட்டு முழு நாவலோடு நின்றுவிட்டேன். ஏன் என்று தோழிகள் கேட்கிறார்கள், அதற்குத்தான் இது.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தொடர் பெரும்பாலும் இலவசம், சில செயலிகளில் அடுத்த பாகத்தைத் திறக்க காயின் கேட்பார்கள் அல்லது மாதச் சந்தா. மாத நாவல் ஒரு காபிக்கும் வடைக்கும் ஆகிற செலவு. 1969இல் ராணிமுத்து தொடங்கிய காலத்திலிருந்தே மாத நாவலின் பலம் அந்த மலிவு விலைதான். காசைப் பார்த்து இதில் முடிவெடுக்க வேண்டியதே இல்லை.

முடிவு செய்ய வேண்டியது மனநிலையை வைத்துத்தான். லேசான கதை வாசிக்க ஒரு மனநிலை வேண்டும், அது வரும்போதுதான் வரும். வீட்டில் ஒரு விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள், மாதக் கடைசிக் கணக்கு முடித்துவிட்டு வந்த சாயங்காலம், பகல் நேர ரயில் பயணம், இப்படி. மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் போனால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு மாத நாவலை நிதானமாக முடித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, இன்னொன்றையும் தொடங்கிவிடலாம். அந்த மனநிலை ஒரு பொழுதுக்குத்தான் நிற்கும். மறுநாள் காலை குக்கர் விசிலோடு போய்விடும். நூறு, நூற்றிருபது பக்க நாவல் அந்த ஒரு பொழுதுக்குள் முடிந்துவிடுகிறது. தொடர் முடியாது. அது செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வரும், அன்றைக்கு எனக்கு வாசிக்கிற மனசு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்று, கதையின் நடுவில் வரும் அந்தத் தப்பபிப்பிராயம். குடும்ப நாவல் வாசிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நாயகி தன் சித்தப்பா மகனோடு பேருந்து நிலையத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பாள், நாயகன் காரிலிருந்தபடி பார்த்துவிடுவான், அன்று ராத்திரி தட்டில் கையை வைத்தவன் சாப்பிடாமல் எழுந்து போவான். அவளுக்குக் காரணமே தெரியாது. இந்த இடம் நமக்கு வலிக்கத்தான் வேண்டும், வலித்தால்தான் கடைசியில் அவன் வந்து மன்னிப்புக் கேட்கும்போது மனசு நிறையும். ஆனால் புத்தகத்தில் அந்த வலி ஒரு முப்பது பக்கம். வலது கையில் இன்னும் எத்தனை தாள் மிச்சம் இருக்கிறது என்று விரல்களுக்கே தெரியும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்ற தைரியத்தோடுதான் அந்தப் பக்கங்களைக் கடக்கிறோம். லேசான கதை லேசாக இருப்பதே அந்தத் தைரியத்தால்தான். தொடரில் அதே தப்பபிப்பிராயம் இருபத்துமூன்றாம் எபியில் (எபிசோடில்) தொடங்கி நாற்பதாவது எபி வரை போகும், வாரக்கணக்கில். ‘யார் அவன்?’ என்று அவன் கேட்டதோடு ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். நாம் அடுப்படியில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணுக்காக மனசுக்குள் அவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். இளைப்பாற எடுத்த கதையே கூடுதல் பாரமாகிவிடுகிறது. நான் தொடரை விட்டதற்குப் பெரிய காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் அம்மாவும் பெரியம்மாவும் விகடனிலும் குமுதத்திலும் தொடர்கதைதானே வாசித்தார்கள் என்று ஒருத்தி கேட்டாள். வாசித்தார்கள்தான். அதற்கும் முன்னால், 1925இலிருந்து வை.மு. கோதைநாயகி அம்மாள் நடத்திய ஜகன்மோகினி பத்திரிகையிலும் அவருடைய நாவல்கள் தொடராகத்தான் வந்தன. ஆனால் பத்திரிகைத் தொடரை அவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாராவாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து, வரிசையாக அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்தார்கள். பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் சோப்பு விளம்பரமும் இருக்கும் அந்த பைண்டுதான் வீடு வீடாகப் போனது, கல்யாணமாகிப் போன பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்தால் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தது. தொடராக வந்ததையும் முழு நாவலாக்கித்தான் அவர்கள் பத்திரப்படுத்தினார்கள். இன்றைய தொடரில் அதற்கு வழி குறைவு. கதை முடிந்து கொஞ்ச நாள் தளத்தில் இருக்கும், அப்புறம் லிங்க்கை எடுத்துவிடுவார்கள், கிண்டிலில் வரும், எப்போதாவது ரீரன் என்று தளத்தில் மறுபடியும் போடுவார்கள். எழுதுகிறவர்கள் மேல் குறை இல்லை, கதைத் திருட்டு அவ்வளவு நடக்கிறது, அவர்களுக்கு வரும் கொஞ்சம் வருமானமும் அந்த கிண்டிலில்தான்.

பாதியில் நிற்பதும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரி, பரீட்சை என்று எழுத்தாளருக்கு ஆயிரம் வேலை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போனிலேயே டைப் அடித்துப் பதிவேற்றுகிறவர்கள் நிறைய. அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு வாய் வராது, கேட்கவும் கூடாது. ஆனாலும் நடுவழியில் நிற்கும் கதை வாசிக்கிறவர் மனசை ஏதோ செய்யத்தான் செய்கிறது.

இவ்வளவு சொன்னாலும் தொடரின் பக்கம் சில நல்ல விஷயங்கள் இருக்கின்றன, மறைக்க முடியாது. முதலாவது சிரிப்பு. இப்போது தொடர் எழுதும் பெண்களுக்கு நகைச்சுவை அபாரமாக வருகிறது, நாத்தனார் கொழுந்தன் கலாட்டா, அலுவலகத் தோழிகளின் வாட்ஸ்அப் குழு எல்லாம் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். இரண்டாவது, கதாநாயகி. பழைய நாவல்கள் சிலவற்றில் நாயகன் கன்னத்தில் அறைவான், அவள் அழுது முடித்து அவன் அன்பைப் புரிந்துகொள்வாள். அதை இன்று வாசிக்க எந்த மனநிலையும் எனக்கு உதவுவதில்லை. இன்றைய தொடர்களில் நாயகனே கொடுமைக்காரனாக வரும் ஆன்ட்டி ஹீரோ கதைகளும் இருக்கின்றன என்றாலும், விவாகரத்தானவள், மறுமணம் செய்பவள், சம்பளத்தைத் தானே நிர்வகிப்பவள் என்று பலவிதமான நாயகிகள் வந்துவிட்டார்கள். மூன்றாவது, கமெண்ட். ‘சிஸ், அவனை இன்னும் நாலு எபி கதற விடுங்க’ என்று முன்பின் தெரியாத பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாயகனைத் திட்டுவதில் இருக்கிற சந்தோஷம் புத்தகத்தில் கிடைக்காது.

அப்படியானால் முடிந்த தொடரை மொத்தமாக வாசிக்கலாமே என்றால், அதையும் செய்திருக்கிறேன். முடிவுற்றது என்று போட்டிருந்தால் மட்டும் எடுப்பேன். கிட்டத்தட்ட முழு நாவல் மாதிரிதான், முழுக்க இல்லை. தொடராக எழுதப்பட்ட கதையில் ஒவ்வொரு எபியின் கடைசியிலும் ஒரு திடுக் இருக்கும், வாரம் இருமுறை வாசிக்கிறவரை இழுத்துப்பிடிக்க அது தேவை. ஒரே மூச்சில் வாசிக்கும்போது எழுபது திடுக்கும் அடுத்தடுத்து வந்து அலுத்துவிடுகிறது. மாத நாவல் எழுதிப் பழகியவர்கள் பக்கக் கணக்குக்குள் நிற்க வேண்டியிருந்ததால் ஒரு சந்திப்பு, ஒரு பிரிவு, ஒரு சேர்தல் என்று கட்டுப்பாடாகக் கொண்டுபோவார்கள். ரமணிசந்திரன் கதைகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அந்த அளவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

முழு நாவலிலும் எந்த மனசுக்கு எது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் வாக்குவாதம் நடந்த அன்று அதட்டுகிற நாயகன் இருக்கும் கதையைத் தொட்டால் எரிச்சல்தான் மிஞ்சும், இன்னொரு நாள் அதே கதை இனிக்கும். உடம்பு சரியில்லாத நாளில் புதுக்கதை வேண்டாம், முடிவு தெரிந்த பழைய கதையே போதும். பெண்கள் பத்திரிகையில் எழுதியவர் என்பதாலேயே கதை லேசாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். டாக்டராகவும் இருந்த எழுத்தாளர் லக்ஷ்மியை அந்த மாதிரி நினைத்து எடுத்தால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார், 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். எனவே கடையிலேயே முதல் இரண்டு பக்கத்தை நின்று வாசித்துவிடுவேன். நாயகி முதல் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் அன்றைக்கு வேண்டாம். ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகாமல் உதைத்துக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

யூடியூபில் ஒலி நாவல் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், துணி மடித்துக்கொண்டே முழுக்கதையும் கேட்டுவிடலாம் என்கிறார்கள். நான் அதிகம் கேட்டதில்லை, கேட்ட கொஞ்சத்தில் வாசிப்பவரின் குரல் பிடிக்காவிட்டால் கதையும் பிடிக்காமல் போனது. அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நான் முழு நாவலைச் சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காத காலம் அது. பால் கொடுக்கும் நேரத்தில் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு எபி வாசிக்கலாம், அந்த அளவுக்குத்தான் நேரம், அதற்குத் தொடர்தான் சரி. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும், அப்புறம் ஒரு மதியத்தை முழுசாக எடுத்துக்கொண்டு நாவலுக்கு வரலாம்.