மீதி கொண்டுவராத மண்: பார்மிங் சிமியுலேட்டரில் மூன்று வருட அனுபவம்

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது ஞாபகம் இருக்கும். அது ஓய்ந்து, கொழும்பு வெள்ளவத்தை பிளட்டில் விசிறி ஒழுங்காகச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் பார்மிங் சிமியுலேட்டர் 22 என்ற விவசாயக் கணினி விளையாட்டை வாங்கினேன். இப்போது ஆயிரத்து நூறு மணித்தியாலத்தைத் தாண்டிவிட்டேன். தொழில் கணக்கெழுதுவது. எனக்கென்று இருக்கிற மண் பல்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குள் இருப்பது மட்டும்தான். அதனால் இதை ஒரு கணக்குப்பிள்ளையின் விமர்சனமாகவே வாசியுங்கள்.

கணக்குப்பிள்ளை என்பதால்தான் முதல் வருடமே ஒன்று உறுத்தியது. மொட் (விளையாட்டின் விதிகளை மாற்றும் இணைப்பு) எதுவும் போடாத விளையாட்டில் ஒரு வயலில் பத்து வருடம் கோதுமைக்குப் பின் கோதுமையே விதைக்கலாம், விளைச்சல் ஒரு மணியும் குறையாது. இரண்டு தடவை பசளை, தேவையான நேரம் சுண்ணாம்பு, களை இல்லாமல் பார்த்தால் முடிந்தது. போன வருடம் என்ன விளைந்தது என்பது மண்ணுக்குத் தெரியாது. எங்கள் பாஷையில் சொன்னால், பேரேட்டில் ‘மீதி கீ/கொ/வ’ என்ற, போன கணக்கின் மீதியைக் கீழே கொண்டுவரும் வரியே இல்லை.

பிறகு பிரிசிஷன் பார்மிங் என்ற இலவச இணைப்பைப் போட்டேன். உழவு இயந்திரம் செய்யும் ஜோன் டியர் கம்பனியோடும் ஈஐடி பூட் என்ற ஐரோப்பிய அமைப்போடும் சேர்ந்து செய்தது. அது நல்ல வேலை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். மண் நாலு வகை. மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டி அனுப்பினால், வயலின் எந்த மூலையில் நைதரசன் எவ்வளவு, பிஎச் (மண்ணின் அமில அளவு) எவ்வளவு என்று வரைபடம் வரும். ஒரே வயலில் மணல் பக்கத்துக்கு ஒரு அளவு, களிப் பக்கத்துக்கு இன்னொரு அளவு. ஆனால் அங்கே இருப்பது நைதரசனும் பிஎச்சும் மட்டும். பொசுபரசும் பொற்றாசியமும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பயிர்ச்சுழற்சி மொட் ஒன்றைச் சேர்த்தேன். கடைசி இரண்டு அறுவடைகளை ஞாபகம் வைத்திருந்து, அடுத்த பயிரின் விளைச்சலைக் கூட்டும், குறைக்கும். அதன் எண்கள் இருக்கும் எக்ஸ்எம்எல் பைலைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்கியதிலிருந்து நான் வயலில் நின்ற நேரத்தைவிட நோட்பாட்டில் இருந்த நேரம்தான் அதிகம். முதல் தடவை, ஒரே பயிரைத் திருப்பிப் போட்டால் முப்பது சதவீதம் வெட்டு என்று வைத்தேன். இரண்டே வருடத்தில் கடன், உழவு இயந்திரத்தையும் விற்றேன். அடுத்த தடவை தளர்த்தியதில் சுழற்சியே தேவையில்லாமல் போனது. மூன்றாவது தடவை ஒரு மேற்கோள் குறி விடுபட்டு, எண்பது மணித்தியாலச் சேமிப்பு திறக்கவே இல்லை. பிழை என்னுடையது. பைலுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுக் கை வையுங்கள்.

போன வருடம் யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து சித்தப்பா கண் கிளினிக்குக்கு வந்து ஒரு கிழமை எங்களோடு நின்றார். வெங்காயமும் பீட்றூட்டும் போயிலையும் செய்கிற மனுசன். ஒரு கண்ணில் மருந்தோடு என் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“கிணறு எங்கயடா தம்பி?”

“இதில கிணறு தேவையில்ல சித்தப்பா.”

“ஓகோ” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் சுண்ணாம்பு விசிறினேன். “எங்கட செம்மண்ணுக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. நீ காசு குடுத்துக் கொட்டுறாய்” என்று சிரித்தார்.

அடுத்து சோயா வெட்டினேன். மொட் உடனே பச்சை எழுத்தில் ‘அடுத்த பயிருக்கு நல்லது’ என்று காட்டியது. அதைத் தமிழில் சொன்னேன். அவர் நம்பவில்லை. “கொட்டையை வெட்டி வித்துப்போட்டாய். சத்தில முக்கால்வாசி அதோட போட்டுது. பிறகென்ன மண்ணில மிஞ்சும்? நாங்கள் சணல் விதைக்கிறது விக்கிறதுக்கில்ல. வயல் மஞ்சளாப் பூக்கத் தொடங்கேக்க உழுது மடக்கிப் போடோணும். காய்க்க விட்டால் நார்தான்.”

அவர் சொன்னதுதான் சரி. சோயா, சணல் போன்ற அவரை இனப் பயிர் வேர்முடிச்சில் நைதரசனைக் கட்டுவது உண்மை. ஆனால் தானியத்தை அறுத்து எடுத்தால் அதில் பெரும்பங்கு தானியத்தோடு வெளியேறும். முழுச் செடியையும் மண்ணுக்குள் மடக்கினால்தான் அடுத்த பயிருக்குக் கணிசமாகக் கிடைக்கும். மொட்டோ இரண்டையும் ஒரே ‘நல்லது’க்குள் போட்டுவிடுகிறது. முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறையையும் சொன்னார். உழுந்துச் செடி ஒன்றை மெல்லப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் பிளக்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் கசிந்த மாதிரி இருந்தால் நல்லது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் சும்மா தொங்குகிறது. என் திரையில் பிடுங்க ஒன்றும் இல்லை.

அவர் போன பிறகு மொட்டின் அட்டவணையை இரண்டாகப் பிரித்தேன். அறுத்த அவரைப் பயிருக்குச் சிறிய வரவு, பசுந்தாளாக மடக்கினால் பெரிய வரவு. பயிரை மாற்றுவதால் நோய் குறைந்து வரும் லாபத்தை இரண்டோடும் சேர்க்காமல் தனியாக வைத்தேன். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, போயிலை எல்லாம் ஒரு குடும்பம், வாடல் நோய் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். அதற்கும் நைதரசனுக்கும் தொடர்பில்லை. விளையாட்டின் வயல்களில் அந்தக் குடும்பத்தில் உருளைக்கிழங்கு மட்டும் இருப்பதால் இந்தப் பகுதி சுகமாக முடிந்தது.

எண்ணெய் முள்ளங்கிதான் தலையிடி. விளையாட்டில் அதை மடக்கினால் ஒரு தடவை பசளை போட்ட கணக்கு. ஆனால் முள்ளங்கிக்கு வேர்முடிச்சு இல்லை. மண்ணில் ஏற்கெனவே மிஞ்சிக் கிடப்பதைப் பிடித்து, மழையோடு கழுவுப்படாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். மிச்சமே இல்லாத வயலில் எதைப் பிடிக்கும்? போன அறுவடையில் மிஞ்சியதைப் பொறுத்து அதன் வரவை மாற்ற முயன்றேன். பாதிதான் சரிவந்தது.

என்னைக் கூடுதலாகக் கடுப்பேற்றுவது வைக்கோல். விளையாட்டில் அது இலவசக் காசு, கட்டி விற்கலாம். ஆனால் நெற்பயிர் எடுக்கும் பொட்டாஷில், அதாவது பொற்றாசியச் சத்தில், பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு தொன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 14 முதல் 20 கிலோ பொட்டாஷ் இருக்கும். எம்ஓபி என்ற பொட்டாஷ் பசளையில் 60 சதவீதம்தான் பொட்டாஷ். ஆகவே ஒரு தொன் வைக்கோலை விற்றால், 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை எம்ஓபியும் லொறியில் ஏறிப் போகிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது இந்தக் கணக்கு எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருக்கும். பொட்டாஷ் என்ற ஒன்றே இல்லாத விளையாட்டில் இந்தக் கடனை எங்கே எழுதுவது? கடைசியில் பக்கத்தில் ஒரு எக்செல் தாளைத் திறந்து, வைக்கோல் விற்கும்போதெல்லாம் நானே கையால் பதிகிறேன். பொட்டாஷ் ஒரு அளவுக்குக் கீழே போனால், நைதரசன் எவ்வளவு கிடந்தாலும் விளைச்சலை அந்தக் குறைவான சத்தே தீர்மானிக்க வேண்டும். மொட் அதைச் செய்யாது என்பதால், குறைய வேண்டிய அளவு தானியத்தை விற்காமல் கிட்டங்கியிலேயே பூட்டி வைக்கிறேன். மனைவி இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனார்.

கூடுதலாகப் போட்ட நைதரசனுக்கு பிரிசிஷன் பார்மிங் சுற்றுச்சூழல் புள்ளியைக் குறைக்கும். நல்ல யோசனை, ஆனால் வலிக்காது. யாழ்ப்பாணத்தில் அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தடி நீருக்கு இறங்கி, குடிக்கிற கிணற்றில் நைத்திரேற்றாக வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் கண்டிருக்கிறார்கள். சித்தப்பா முதலில் கிணற்றைக் கேட்டது தண்ணி இறைக்க மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

2024 நவம்பரில் வந்த 25ஆம் பதிப்பில் நெல்லும் தண்ணி கட்டுகிற வயலும் இருக்கின்றன. ஆசைதான். ஆனால் நீர் தேங்கிய மண்ணில் நைத்திரேற்று வாயுவாகக் காற்றோடு போகும், அமில மண்ணின் பிஎச் நடுநிலைப் பக்கம் ஏறும். என் அட்டவணைகள் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இப்போதைக்கு 22இலேயே நிற்கிறேன். எக்செல் தாளில் போன கிழமை ‘கிணறு’ என்று ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன். நாலாம் வயலுக்குப் பக்கத்தில் அது ஏற்கெனவே சிவப்பு.