அரேண்ட்ஆர்: காணாமற்போன கட்டளையையும் சேர்த்துத் தரும் இரட்டைத்திரைக் கருவி

மொரிசியஸில் தமிழ் அச்சுக்கோர்ப்பு செய்பவர்களுக்கு இரண்டாவது திரை ஆடம்பரம் அல்ல. தைப்பூசக் காவடி அறிவிப்பானாலும் கோவில் திருவிழா நிகழ்ச்சி நிரலானாலும் பிரெஞ்சிலும் தமிழிலும் வர வேண்டியிருப்பதால், ஒன்றை ஒரு திரையிலும் மற்றொன்றை அடுத்த திரையிலும் வைத்து ஒப்புநோக்கினால்தான் நாள், நேரம், உபயதாரர் பெயர் எதுவும் மாறிப்போகாமல் இருக்கும். ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் சிறிய அச்சகத்தில் பழைய மடிக்கணினிகளில் டெபியன் லினக்ஸை நிறுவி, இந்த வேலைக்கு அரேண்ட்ஆர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம்.

இதை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம், பலரைத் தடுமாற வைக்கும் ஒரு சிக்கலை இது நிறுவும்போதே தீர்த்துவிடுகிறது என்பதுதான். நினைவகம் குறைந்த கணினிகளில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரையும், அவற்றை நிர்வகிக்கும் ஓப்பன்பாக்ஸையும் மட்டும் தேர்ந்தெடுத்து நிறுவினால், திரைகளை வரிசைப்படுத்தும் எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளை சில நேரங்களில் உடன் வருவதில்லை. முனையத்தில் அதைத் தட்டச்சு செய்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்ற பதில்தான் கிடைக்கும். சரி, நிறுவிக்கொள்வோம் என்று அதே பெயரை, மென்பொருள்களை நிறுவித்தரும் ஏபிடி கட்டளையிடம் கொடுத்தால், அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்று அதுவும் கைவிரித்துவிடும். கட்டளையின் பெயர் ஒன்று, அதைத் தாங்கியிருக்கும் தொகுப்பின் பெயர் வேறொன்று: டெபியனிலும் உபுண்டுவிலும் அது ‘எக்ஸ்11-எக்ஸ்சர்வர்-யூடில்ஸ்’, ஆர்ச் என்ற மற்றொரு லினக்ஸில் ‘எக்ஸ்ஆர்ஜி-எக்ஸ்ரேண்ட்ஆர்’. இது தெரியாமல் வரைகலை அட்டையின் டிரைவரைச் சந்தேகித்து, முழு இயங்குதளத்தையும் அழித்து மறுபடி நிறுவுவோர் உண்டு. அது முற்றிலும் வீண் உழைப்பு. அரேண்ட்ஆரை நிறுவினால் போதும். அது எக்ஸ்ரேண்ட்ஆரைச் சார்ந்தே இயங்குவதால், தேவையான தொகுப்பும் தானாகவே வந்து சேரும்.

பயன்பாடு எளிது. ஒவ்வொரு திரையும் ஒரு செவ்வகமாகத் தெரியும். இழுத்து இடமோ வலமோ வைத்து, வலது சொடுக்கில் தெளிவுத்திறனையும் முதன்மைத் திரையையும் தேர்ந்தெடுத்துச் செயல்படுத்தலாம். ரேண்ட்ஆர் என்ற நீட்சியை எக்ஸ் சாளர அமைப்புக்கு உருவாக்கியவர்கள் கீத் பேக்கார்டும் ஜிம் கெட்டிஸும். 2007இல் வந்த 1.2 பதிப்புதான் திரை இணையும் ஒவ்வொரு முனையையும் தனித்தனியே கையாள வழிவகுத்தது. அரேண்ட்ஆர் அதன் மீது போர்த்திய முகப்பு மட்டுமே என்பதால், முகப்பில் இல்லாததைக் கட்டளையில் செய்துகொள்ளலாம்.

அப்படிச் செய்ய வேண்டிய நேரமும் வரும். பழைய வகைத் திரை இணைப்பான விஜிஏவுக்குரிய மலிவான மாற்றியின் வழியாகப் பழைய திரையை இணைக்கும்போது, தன் அளவுகளைச் சொல்லும் ஈடிஐடி தகவல் கணினிக்கு வந்து சேராமல், 1024க்கு 768 என்பதே உச்ச அளவாகக் காட்டப்படலாம். அந்த அகலத்தில் தமிழின் நீண்ட சொற்கள் பக்க வடிவமைப்பில் நெருக்கியடித்து, சுழியும் புள்ளியும் மங்கித் தெரியும். அப்போது, திரைக்கான நேர அளவுகளைக் கணக்கிடும் சிவிடி கட்டளைக்கு 1920, 1080 என்ற எண்களைக் கொடுத்தால், 173.00 என்ற எண்ணைக் கொண்ட ஒரு நேர அளவு வரியை அது தரும். அதை எக்ஸ்ரேண்ட்ஆரின் ‘நியூமோட்’, ‘ஆட்மோட்’ தெரிவுகளால் சேர்த்துவிட்டு அரேண்ட்ஆரை மீண்டும் திறந்தால், புதிய அளவு பட்டியலில் இருக்கும். திரையின் உண்மையான அளவு அதுவாக இருந்தால் எழுத்து தெளிவாக நிற்கும்.

குறைகளும் இருக்கின்றன. அமர்வு முடிந்ததும் எல்லா அமைப்பும் மறைந்துவிடும். ‘ஸ்கிரீன்லேஅவுட்’ என்ற மறைவுக் கோப்புறையில் அரேண்ட்ஆர் சேமிக்கும் கோப்பை, ஒவ்வொரு தொடக்கத்திலும் இயங்கும்படி நாம்தான் இணைக்க வேண்டும். மேற்சொன்ன புதிய அளவைச் சேர்க்கும் வரிகளையும் அதே கோப்பின் தலையில் எழுத வேண்டும். கணினியில் புழங்கிப் பழகாத ஒருவருக்கு இது கடினமே, மென்பொருளே இதைச் செய்து கொடுத்திருக்க வேண்டும். மடிக்கணினியை அடிக்கடி கழற்றி மாட்டுவோர், இணைந்த திரைகளுக்கேற்ற அமைப்பைத் தானாக ஏற்றும் ஆட்டோரேண்ட்ஆரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸுக்கு மாற்றாக வந்த புதிய திரை அமைப்பான வேலண்டு அமர்வில் இருப்பவர்கள் அரேண்ட்ஆரை நிறுவ வேண்டாம். அங்கே எக்ஸ்ரேண்ட்ஆர் இருந்தாலும் ‘எக்ஸ்வேலண்டு0’ போன்ற பெயர்களைக் காட்டும், திரையை மாற்றாது. ‘எக்ஸ்டிஜி_செஷன்_டைப்’ என்ற மாறியின் மதிப்பைப் பார்த்தால் எந்த அமர்வு என்பது தெரிந்துவிடும். வேலண்டில் கேடிஇ மேசைச் சூழலைப் பயன்படுத்துவோருக்குக் கேஸ்கிரீன்-டாக்டரும், ஸ்வே என்ற சாளர நிர்வாகியைப் பயன்படுத்துவோருக்கு டபிள்யூஎல்ஆர்-ரேண்ட்ஆரும், க்னோம் மேசைச் சூழலில் 2025 மார்ச்சில் வந்த 48ஆம் பதிப்பு முதல் ஜிடிசிடிஎல் கட்டளையும் அந்த வேலையைச் செய்கின்றன. எக்ஸ்11 எனப்படும் எக்ஸ் அமைப்பில் ஓப்பன்பாக்ஸோ, அதைப் போன்ற ஐ3யோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும், தயக்கமின்றி, அரேண்ட்ஆர்.